இரண்டாம் கட்டளை எது? சொரூபம், வணக்கம், ஆராதனை பற்றி ஒரு கேள்வி

கொழும்பு13:

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் மெதடிஸ்தப் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் ஒரு பைபிள் வகுப்புக்குக் குறிப்பு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே முட்டுகிறது. "இரண்டாம் கட்டளை என்ன?" என்று கேட்டால் ஒரு பிள்ளை "கடவுளுடைய திருப்பெயரை வீணாகச் சொல்லாதே" என்கிறது. பக்கத்துப் பிள்ளை "யாதொரு விக்கிரகத்தையாகிலும் உண்டாக்க வேண்டாம்" என்கிறது. இரண்டும் மனப்பாடம், இரண்டும் தான் சொன்னதே சரியென்று நிற்கின்றன. அதற்குப் பிறகு வழக்கமான பேச்சுத்தான்: "நீங்கள் அந்தக் கட்டளையை வெட்டிவிட்டீர்கள்", "நீங்கள் மாதாவை மதிப்பதில்லை".

கேட்க வேண்டியவை மூன்று. எண் ஏன் மாறுகிறது? சொரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மெழுகுதிரி கொளுத்தி, நேர்த்தி வைப்பது எந்த இடத்தில் விக்கிரக ஆராதனையாகிறது? ஒஃபிஸில் வாணி விழாப் (சரஸ்வதி பூசைப்) படையலை எல்லாருக்கும் பகிரும்போது கிறிஸ்தவப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? வசனத்தோடு சொல்லுங்கள். ஒருவரை ஒருவர் மதம் மாற்றும் வேலை இங்கே வேண்டாம்.

தூபக்கலசம்:

முதலில் எண். மூல எபிரேயத்தில் கட்டளைகளுக்கு இலக்கம் கிடையாது. "பத்து வார்த்தைகள்" என்று மட்டும் விடுதலைப் பயணம் 34:28இலும் இணைச்சட்டம் 4:13இலும் இருக்கிறது. பத்தாகப் பிரித்தவர்கள் பின்னால் வந்தவர்கள், மூன்று விதமாகப் பிரித்தார்கள். யூதர்களுக்கு "உன் கடவுளாகிய ஆண்டவர் நானே" என்பதே முதல் வார்த்தை. வேறு தெய்வம் வேண்டாம், சிலை வேண்டாம் இரண்டும் சேர்ந்து இரண்டாவது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அகுஸ்தீனாரின் பிரிவைப் பின்பற்றுகிறார்கள்: வேறு தெய்வமும் சிலையும் சேர்ந்து முதல் கட்டளை, கடைசியில் பிறர் மனைவி, பிறர் உடைமை ஆகியவற்றின்மேல் ஆசை வைக்காதே என்பது 9, 10 என்று இரண்டு. மெதடிஸ்த, அங்கிலிக்கன், சீர்திருத்த சபைகளுக்குச் சிலை தனியாக இரண்டாவது, ஆசைகள் இரண்டும் சேர்ந்து பத்தாவது. எப்படிக் கூட்டினாலும் பத்துத்தான்.

வெட்டினார்கள் என்பது சரியல்ல. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம் 20:4 முழுதாக இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்வது சுருக்க வாய்பாடு. அதில் முதல் கட்டளை ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது, சிலைப் பகுதி காதில் விழுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் விடுதலைப் பயண வாசகம், இணைச்சட்ட வாசகம், சுருக்க வாய்பாடு மூன்றையும் பக்கம் பக்கமாக நிரைப்படுத்தியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து இரு பக்கப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். படங்கள் பற்றிய விளக்கம் அதே நூலில் 2129 முதல் 2132 வரை.

இனி சிக்கலான இடம். தமிழில் நமக்குள்ள தொல்லை "வணக்கம்" என்ற சொல். படிக்கட்டில் எதிரே வரும் ஆளுக்கும் வணக்கம், ஆசிரியருக்கும் வணக்கம், கடவுளுக்கும் வணக்கம். கிரேக்கத்தில் இரண்டு சொல் உண்டு: "லத்ரேயா" கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை, "ப்ரொஸ்கினேசிஸ்" குனிந்து மதிப்புச் செய்வது, மனிதருக்கும் செய்யலாம். 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் (ஆயர்களின் பொதுக் கூட்டம்) படங்களுக்கு இரண்டாவதைத்தான் அனுமதித்தது, முதலாவதை அல்ல. அதன் தீர்மானங்களை லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டு சொல்லுக்கும் இடையில் இருந்த கோட்டை அழித்துவிட்டார்கள். அதைப் படித்த பிராங்கியர்கள், படங்களுக்குக் கடவுளுக்குரிய ஆராதனையையே கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து 794இல் பிராங்க்பேர்ட்டில் கண்டனம் செய்தார்கள். ஒரு சொல் பிசகி ஒரு சங்கத்தின் கண்டனம்வரை போயிருக்கிறது. ஆகவே வகுப்பில் முதல் நாளே "ஆராதனை கடவுளுக்கு மட்டும், மற்றது மரியாதை" என்று சொல்லைப் பிரித்து வையுங்கள்.

அந்தக் கோடு ஏட்டில் மட்டும் இல்லை, உடம்பிலும் இருக்கிறது என்பதற்கு ஒன்று காட்டலாம். வலது முழங்காலைத் தரையில் படும்படி மடக்குவது ஆராதனையின் அடையாளம். திருப்பலிப் புத்தகத்தின் முன்னுரை விதிகளில் 274ஆம் எண்படி அது நற்கருணைக்கு மட்டும். பெரிய வெள்ளி சிலுவை ஆராதனையிலிருந்து பாஸ்கா திருவிழிப்புத் தொடங்கும்வரை சிலுவைக்கும் உண்டு. அந்தோனியார் சொரூபத்துக்கு முன் அப்படி முழங்கால் மடக்கச் சொல்லும் விதி கிடையாது. கோயிலுக்குள் வரும் பிள்ளை சொரூபத்தைக் கண்டதும் முழங்கால் மடக்கி, நற்கருணைப் பேழையைத் திரும்பிப் பாராமல் போனால் அங்கே திருத்துங்கள். பிழை நடப்பது அதிகமாக இந்த இடத்தில்தான்.

தூபத்தை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். "மூன்று வீச்சு கடவுளுக்கு, இரண்டு வீச்சு புனிதருக்கு" என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். புனிதரின் படத்துக்கு இரண்டு என்பது சரி, அதுவும் தொடக்கத்தில் பீடத்துக்குத் தூபமிட்ட பிறகு மட்டும். ஆனால் குருவுக்கும் மக்களுக்கும் மூன்று வீச்சு உண்டே. கூர்மையான ஒரு பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டால் வாத்தியாருக்குப் பதில் இல்லை.

மன்றாட்டு மாலை இதைவிட நல்ல உதாரணம். பழைய பிரார்த்தனையை எடுத்துப் பிள்ளைகளிடம் பென்சில் கொடுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியிடம் "எங்களைத் தயைபண்ணி இரட்சியும்". மாதாவிடமும் புனிதரிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஜூன் 13 திருப்பலியிலும் அப்படித்தான், தொடக்க மன்றாட்டு அந்தோனியாரைப் பார்த்துச் சொல்வதில்லை, இறைவனைப் பார்த்துச் சொல்வது. பலி எந்தப் புனிதருக்கும் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை.

பேழைமூடி:

ஒரு சிறு சேர்க்கை. ஓர்த்தடொக்ஸ் சபையினர் சிலையைத் தனிக் கட்டளையாக, மெதடிஸ்தரைப் போலவே இரண்டாவதாகத்தான் எண்ணுகிறார்கள். அவர்கள் கோயிலில் திரும்பின பக்கமெல்லாம் திருவோவியம். ஆக, எண்ணை மாற்றினதால் படம் வந்தது என்ற கதை நிற்காது.

வெறுஞ்சுவர்:

எண் விஷயத்தில் தூபக்கலசம் சொன்னதில் எனக்குப் பிணக்கில்லை. "வெட்டிவிட்டார்கள்" என்பதை எங்கள் ஆட்கள் விட்டுவிட வேண்டும். ஆனால் சுருக்க வாய்பாட்டில் எது சுருங்கியது என்பதையும் பாருங்கள். சபைக்கு எந்த எச்சரிப்பு அடிக்கடி தேவையோ, அதுதான்.

வேதம் இரண்டு வேறு பாவத்தைச் சொல்கிறது. ஒன்று வேறு தேவனை ஆராதிப்பது. மற்றது, மெய்யான தேவனைத் தப்பான விதத்தில் ஆராதிப்பது. பொன் கன்றுக்குட்டி முதலாவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 32:5ஐத் திறந்து பாருங்கள், ஆரோன் கூறின அறிவிப்பு "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை". பெயர் சரி, பலிபீடம் உண்டு, காணிக்கை உண்டு; உருவம்தான் பிழை. யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் வைத்த கன்றுக்குட்டிகளும் அந்த வகை. எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்த தேவன் இதோ என்றுதான் சொன்னான். ஏன் உருவம் ஆகாது என்பதற்கு உபாகமம் (இணைச்சட்டம்) 4:15 காரணம் சொல்கிறது: ஓரேபிலே பேசின நாளில் நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை. சத்தம்தான் கேட்டது. தேவனைச் சிறியதாக்கி, தூக்கிக்கொண்டு போகக் கூடியவராக்குவதுதான் உருவத்தின் ஆபத்து.

"உடன்படிக்கைப் பேழைமேல் கேருபீன் (சிறகுள்ள தூதர் உருவம்) இருக்கவில்லையா?" என்று கேட்பார்கள். இருந்தது, யாத்திராகமம் 25:18, அடிப்புவேலையான பொன்னில் இரண்டு. ஆனால் அது திரைக்கு உள்ளே, பிரதான ஆசாரியன் வருடத்தில் ஒருநாள் மட்டும் போகும் இடத்தில். ஒருவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை. வெண்கலச் சர்ப்பம் இதைவிட நல்ல பாடம். எண்ணாகமம் 21இல் தேவனே செய்யச் சொன்னது, நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். 2 இராஜாக்கள் 18:4இல் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டுகிறார்கள். எசேக்கியா உடைத்து, நெகுஸ்தான், வெறும் வெண்கலத் துண்டு என்று பெயர் வைக்கிறான். தேவன் கொடுத்த பொருளே விக்கிரகமாகலாம் என்றால் நாம் கடையில் வாங்கினதைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? 1563இல் வந்த ஹைடல்பேர்க் வினாவிடையில் 98ஆம் கேள்வி இதுதான்: படிக்காத ஜனங்களுக்குப் புத்தகமாகப் படங்களைக் கோயிலில் விடலாமா? கூடாது, தேவன் தம் ஜனத்தைப் பேச்சற்ற விக்கிரகத்தால் அல்ல, ஜீவனுள்ள வார்த்தைப் பிரசங்கத்தால் போதிக்கச் சித்தமானார் என்பது பதில். 1757இல் திறந்த கொழும்பு வுல்வெண்டால் டச்சுக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள், கண் போய் நிற்பது பிரசங்க பீடத்தில்.

லத்ரேயா, ப்ரொஸ்கினேசிஸ் பிரிவை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. சொரூபத்துக்கு முன் வரிசையில் நிற்கும் ஆளிடம் அந்தப் பிரிவு இருக்கிறதா? ஒரு சோதனை வைக்கலாம். அந்தச் சொரூபத்தை ஒரு மாதம் எடுத்துவைத்தால் ஜெபம் நிற்குமா? பக்கத்துக் கோயிலில் உள்ள அதே புனிதரின் சொரூபத்தைவிட இந்தச் சொரூபத்துக்குத்தான் சக்தி என்று சொல்கிறாரா? ஆம் என்றால் அவர் பேசுவது பரலோகத்தில் இருக்கும் புனிதரிடம் அல்ல, சாந்திடம்.

இதை எழுதிவிட்டு எங்கள் பக்கத்தை விட்டுவிட்டால் அது கள்ளத்தனம். சுவரில் படம் இல்லை, ஆனால் போஸ்டரில் பாஸ்டரின் முகம் மேடை அகலத்துக்கு. ஜெபித்த எண்ணெய் போத்தலுக்கு விலை. யாக்கோபு 5:14இல் எண்ணெய் உண்டு. ஆனால் மூப்பர் வீட்டுக்கு வந்து, ஜெபித்து, பூசுகிறார். போத்தலாக வாங்கிக்கொண்டு போய்க் கடைக் கதவில் தெளிப்பது அங்கே இல்லை. வசன ஸ்டிக்கரை வேனில் ஒட்டினால் விபத்து வராது, பைபிளைத் தலையணைக்குக் கீழே வைத்தால் கெட்ட கனவு வராது என்பவை தாயத்தின் வேலை. "விதைக் காணிக்கை போட்டால் விசா கிடைக்கும்" என்பது அப்போஸ்தலர் 8இல் தேவனுடைய வரத்தை வாங்கச் சீமோன் பணத்தோடு வந்த கதைதான். கொலோசெயர் 3:5 பொருளாசையை விக்கிரகாராதனை என்றே பெயர் சொல்லி எழுதுகிறது. சொரூபம் இல்லாத கோயிலுக்குள் அது எப்படி நுழைந்தது என்று உங்கள் மெதடிஸ்தப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

தூபக்கலசம்:

அந்தச் சோதனையை நான் ஏற்கிறேன், ஏனென்றால் அது எங்கள் சங்கமே வைத்த சோதனை. 1563 டிசம்பரில் திரிதெந்து சங்கம் சொன்னது இது: சொரூபத்துக்குள் தெய்வத்தன்மையோ ஆற்றலோ இருக்கிறதென்று நம்பக் கூடாது, அதனிடம் எதையும் கேட்கக் கூடாது, அதில் நம்பிக்கை வைக்கக் கூடாது, மூடநம்பிக்கையையும் கேடான ஆதாயத்தையும் ஒழிக்க வேண்டும். "இந்தச் சொரூபத்துக்குத்தான் சக்தி" என்பவர் திரிதெந்துக்கும் எதிராகத்தான் நிற்கிறார். ஒரு கோயிலில் ஒரே புனிதருக்கு வழக்கமாக ஒரு சொரூபம் போதும் என்ற விதியும் (திருப்பலிப் புத்தக முன்னுரையில் 318) இங்கே உதவும். நாலு இடத்தில் நாலு அந்தோனியார் என்றால் எது நல்லது என்ற பேச்சுத் தானாக வரும்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். அவர்களில் ஒவ்வொருவர் மனதில் என்ன இருக்கிறதென்று வாசலில் நின்று அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நேர்த்தி பற்றிக் கேட்டீர்கள். நேர்த்தி கடவுளுக்குச் செய்யும் வாக்கு, புனிதருக்குக் கொடுக்கும் முற்பணம் அல்ல. "சோதனை பாஸானால் நூறு மெழுகுதிரி" என்பது வியாபாரப் பேச்சு. பாஸாகாவிட்டால் என்ன, மெழுகுதிரி இல்லையா? "இந்தச் செபத்தை இத்தனை கொப்பி அடித்து இத்தனை கோயிலில் வைக்காவிட்டால் தீங்கு வரும்" என்று துண்டுப்பிரசுரம் வந்தால் கிழித்துப் போடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. வெளிச்செயலுக்கே பலன் உண்டென்று நம்புவதை மறைக்கல்வி நூல் 2111இல் மூடநம்பிக்கை என்கிறது.

பாட்டுகளில் மட்டும் எனக்கு மனக்குறை. மன்றாட்டு மாலை "வேண்டிக்கொள்ளும்" என்று கவனமாக நிற்கிறது, திருவிழாப் பாட்டு "தாரும், தாரும்" என்று பாடிவிடுகிறது. பரிந்துரை என்ற பொருளில்தான் என்று பெரியவர்கள் விளக்கலாம், பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழுவது "தாரும்" தான்.

சந்தைமீன்:

மூன்றாம் கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டார்கள். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், விக்கிரகத்துக்குப் படைத்த உணவு பற்றிப் பவுல் ஒரு பதிலல்ல, இடத்துக்கு ஒரு பதில் தருகிறார்.

சந்தையில் விற்றால் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு (10:25). ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு (10:27). "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே (10:28). கோயில் பந்தியிலேயே போய் உட்காராதே (8:10, 10:21). விக்கிரகம் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கவலை சாப்பாட்டில் இல்லை, பக்கத்தில் இருக்கும் பலவீனமான சகோதரனில்.

ஒஃபிஸுக்குக் கொண்டுவந்தால்: வாணி விழா முடிந்து கடலையும் அவலும் பேப்பர்த் தட்டில் மேசைக்கு வந்தால் அது உபசரிப்பு, 10:27க்குக் கிட்ட. "இது பூசையில் வைத்தது, வாங்கிக் கும்பிட்டுச் சாப்பிடுங்கோ" என்றால் 10:28க்கு வந்துவிட்டது, அங்கே "நன்றி, எனக்கு வேண்டாம் அக்கா" என்று சிரித்துச் சொல்லலாம். முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. பூசை நேரத்தில் அறையில் நிற்பதும் படத்துக்குப் பூப் போடுவதும் ஒன்றல்ல. நாகமான் கதை இங்கே உதவும்: எசமான் கைலாகு பிடித்துக் குனியும்போது ரிம்மோன் கோயிலில் தானும் குனிய வேண்டிவரும் என்று கேட்கிறான், எலிசா "சமாதானத்தோடே போ" என்கிறார் (2 இராஜாக்கள் 5:18-19). அதே வேதத்தில் தானியேல் 3இல் மூன்று பேர் குனிய மறுக்கிறார்கள். வித்தியாசம் என்ன என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். நாகமானின் குனிவு எசமானுக்குத் தோள் கொடுக்கும் வேலை. தூராவில் வைத்த பொற்சிலைக்குக் குனிவது ராஜா கேட்ட ஆராதனையே.

வெசாக் தன்சலில் (பௌத்தர்களின் அன்னதானத்தில்) சோறு, குத்துவிளக்கு ஏற்றுவது என்று பட்டியல் நீளும். விளக்கு விளக்குத்தான், உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு நம் கோயில்களிலேயே இருக்கிறது. பிரித் நூல் (பௌத்த பிக்குகள் ஓதிக் கட்டும் நூல்) கட்டச் சொன்னால் அது காவலுக்கென்று கட்டுவது, அங்கே மறுக்கலாம்.

இன்னொன்று. யோவான் 4:24 "ஆவியோடும் உண்மையோடும்" என்பதை "உருக்கமாக, கண்ணீரோடு" என்று விளக்கும் பழக்கம் இரு பக்கமும் உண்டு. அங்கே சமாரியப் பெண் கேட்டது இடம் பற்றி: கெரிசீம் மலையா, எருசலேமா? இயேசுவின் பதில் அதற்கு. உடம்பு வேண்டாம் என்றும் அதற்குப் பொருளில்லை, அங்கே வரும் வினைச்சொல் மேலே சொன்ன ப்ரொஸ்கினேசிஸ் என்ற குனியும் சொல்லே. ரோமர் 12:1இல் லத்ரேயாவுக்குக் கொடுக்கச் சொல்வது நம்முடைய சரீரத்தை.

கொழும்பு13:

நால்வருக்கும் நன்றி. குறிப்பை மாற்றி எழுதுகிறேன், பென்சில் பயிற்சியும் வெண்கலச் சர்ப்பமும் முதல் நாளுக்கு. கடைசியாக ஒரு சின்ன விஷயம்: வீட்டில் கை உடைந்த சொரூபம் இருந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். குப்பைக்குப் போடப் பயம், வைத்திருக்கவும் பயம்.

தூபக்கலசம்:

பயம்தான் அங்கே திருத்த வேண்டியது. உடைந்த சொரூபம் வீட்டில் இருந்தால் கெடுதி என்பது திருச்சபையின் போதனை அல்ல. கை மட்டும் என்றால் ஒட்டலாம்: ப்ளாஸ்டர் ஒஃப் பரிஸ் என்றால் தூசியைத் தட்டி, உடைந்த முகத்தை நன்றாகக் காயவிட்டு, இரண்டு டியூப் கலக்கும் எபொக்சி பசை. ஈரத்தோடு ஒட்டினால் விட்டுவிடும். ஒட்ட முடியாதென்றால் துண்டாக்கி மண்ணில் புதைக்கலாம். மரம், கடதாசிப் படம் என்றால் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். ஆசீர்வதித்த பொருளை மரியாதையாக நடத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1171 சொல்கிறது, அவ்வளவுதான். மாதா கெபியடியில் இரவோடிரவாக வைத்துவிட்டு வராதீர்கள், அள்ளுவது கோயில் மிசியோனில் இருக்கும் ஆட்கள்.

வெறுஞ்சுவர்:

எங்கள் பக்கத்துக்கு ஒரு வரி. கலப்புத் திருமணம் செய்து வந்த மருமகள் மாமியாரின் சொரூபத்தை உடைக்கக் கூடாது, அது அவர் பொருள். எசேக்கியா ராஜா, உடைத்தது ஜனத்தின் பொதுப் பொருளை. லூத்தரும் 1522இல் விட்டன்பேர்க்குக்குத் திரும்பி வந்து, படங்களை அடித்து உடைத்தவர்களைக் கண்டித்தார்.